மேனேஜர் கை கொடுத்தால்

எங்கள் வீட்டு நாயின் பெயர் மேனேஜர். அப்பா வைத்த பெயர். கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்தவர், வாழ்நாள் முழுக்க மேனேஜர்களிடம் திட்டு வாங்கியவர், ஒருநாள் சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்து அந்தப் பெயரை வைத்துவிட்டார். "டேய் மேனேஜர், யாரைக் கேட்டுடா வெளிய போன?" என்று காலையில் அவர் அதட்டுவதைக் கேட்டு மாடிப்படியில் போகிறவர்கள் சிரிப்பார்கள். மேனேஜர் வாலை ஆட்டும். நிஜ மேனேஜர் யாரும் அவரிடம் அவ்வளவு பணிவாக நடந்துகொண்டதில்லை.

அதற்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது கை கொடுக்க. பிஸ்கட்டை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவார். குட்டி முகரும், நக்கும், பல்லால் கொறிக்கப் பார்க்கும். அப்பா அசையமாட்டார். கடைசியில் அலுத்துப்போய் முன்னங்காலைத் தூக்கி அவர் கைமேல் வைக்கும். அந்த நொடியில் கை திறக்கும். என் பள்ளிக்கூட வாசலில் ஐந்து நிமிடம் நிற்கப் பொறுமையில்லாத மனிதர், முதுகு வலியோடு வாரக்கணக்கில் இதற்காகத் தரையில் உட்கார்ந்தார். அதட்டும்போதெல்லாம் 'டேய்' போடுகிறவர் இதற்கு மட்டும் மரியாதை கொடுப்பார். "மேனேஜர் சார், கை குடுங்க." கொடுக்கும். குலுக்குவார். அவர் வேலையை விட்ட அன்று கிடங்கு மேனேஜர் தலையை நிமிர்த்தாமல் ஒரு சுவர்க்கடிகாரத்தை மேசைமேல் தள்ளி "எடுத்துக்கோ" என்றாராம். அந்தக் கடிகாரம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் கைகுலுக்கல் நடக்கும்.

இதையெல்லாம் சொல்வது அப்பாவை மன்னிக்க அல்ல.

கொஞ்ச காலமாக மேனேஜர் தண்ணீராகக் குடித்துத் தள்ளியது. கூடமெல்லாம் மூத்திரம். தட்டை வழித்துச் சாப்பிட்டும் விலா எலும்பு தெரிந்தது. "காஞ்சு போச்சு பாவம்" என்று அம்மா இன்னும் அள்ளி வைத்தாள். டிவிக்கு எதிரே சோபாவில் குடியிருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, "வயசான நாய்ன்னா இளைக்கத்தான் செய்யும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உயிர்வேதியியல் படித்தவள். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம், கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். உடம்புக்குள் இன்சுலின் என்ன செய்கிறது என்று படம் வரைந்து பாகம் குறிக்க இந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கலாம்.

கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரை. காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. ஊசிக்கு முன்னாடி அளந்த சாப்பாடு. நடுவுல ஒண்ணும் கூடாது."

"பிஸ்கட்?" என்றார் அப்பா.

"அதுதான் முதல்ல கூடாது."

"சின்ன பிஸ்கட்தான் டாக்டரம்மா."

டாக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

பார்த்துக்கொண்டேன். ஒரே கப்பால் அளந்து சாப்பாடு வைத்தேன். கழுத்துத் தோலைக் கூடாரம்போல இழுத்துப் பிடித்து ஊசி போடப் பழகினேன். மேனேஜர் முனகாது. காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தேன். இறங்கவில்லை. நான் வேலைக்குப் போனபிறகு வீட்டில் வேறு ஒரு சமையல் நடந்துகொண்டிருந்தது.

"அப்பா, சட்டைப் பையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"தூள் கொட்டுது."

"அது எனக்கு வாங்கினது."

"உங்களுக்குத்தான் பிஸ்கட்டே பிடிக்காதே."

"வயசானா ருசி மாறும் பாப்பா."

அம்மாவைக் கேட்டேன். "நான் சட்டியை நக்கத்தான் குடுத்தேன். நக்கினா சாப்பிட்டதா ஆயிடுமா?" அத்தையைக் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரொட்டி ஓரத்தை எவளாவது சாப்பாடும்பாளாடி? குப்பைக்குப் போறதைக் குடுத்தேன். உனக்கு ஓரம் வேணும்னா சொல்லு, நாளையிலேர்ந்து உனக்கு எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு. மூன்று பேரும் அவரவர் ஒண்ணை மட்டும்தான் பார்த்தார்கள். மூன்றும் போய்ச் சேர்ந்த வயிறு ஒன்று.

மேனேஜருக்குத் தெரிந்த பேச்சும் ஒன்றுதான். பசித்தாலும், தாகம் எடுத்தாலும், வெளியே போகவேண்டும் என்றாலும், தலை சுற்றினாலும் கை கொடுக்கும். எதற்குக் கொடுத்தாலும் அப்பா பிஸ்கட் என்றுதான் புரிந்துகொள்வார்.

அடுத்த முறை டாக்டரிடம் போகவேண்டிய அன்று எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் கூட்டிப்போனார்கள். படித்துப் படித்துச் சொல்லியனுப்பினேன்: பிஸ்கட், சட்டி, ரொட்டி ஓரம், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"ஊசி மருந்தைக் கூட்டச் சொல்லிட்டாங்க" என்றார் அப்பா.

"பிஸ்கட் விஷயம் சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்போமா?"

அம்மா கூடையிலிருந்த துணியை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்த துணி. நான் கவனித்திருக்கலாம், கவனிக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் டாக்டர் கூட்டியிருக்கிறார் என்று நினைத்து, சொன்ன அளவைப் போட்டேன்.

பிறகு மேனேஜரின் கண்களில் பால் ஊற்றியதுபோல ஒரு வெள்ளை படர்ந்தது. வாசல் நிலையில் முட்டிக்கொண்டது. "சர்க்கரை கண்ணைத் தின்னுது அப்பா" என்றேன். கத்தவில்லை, கத்திக் கத்தி அலுத்துப்போயிருந்தது. அப்பா அதன் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தெரியாமல் அம்மாவையும் அத்தையையும் உட்காரவைத்து, இனிமேல் ஒரு துணுக்குகூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பிஸ்கட் டப்பாவை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டார். அத்தை ரொட்டி ஓரத்தைத் தானே தின்றாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காதில் குத்திப் பார்த்தேன். முதல் முறையாகச் சர்க்கரை இறங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சாப்பாடு வைத்து, ஊசி போட்டுவிட்டுத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன்.

நான் மேலே இருந்தபோது மேனேஜர் அப்பாவிடம் வந்திருக்கிறது. கால் தடுமாறியிருக்கிறது. கை கொடுத்திருக்கிறது. "இல்ல சார், டாக்டர் கூடாதுன்னுட்டாங்க" என்று அப்பா மடியில் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மறுபடி கொடுத்திருக்கிறது. "கோவிச்சுக்காதீங்க சார், உங்க நல்லதுக்குத்தான்." நான் ஈரக்கையோடு இறங்கி வந்தபோதும் அது காலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா பாப்பா, எவ்வளவு கேட்டாரு, நான் மசியல."

தூக்கிய கால் தரைக்கு வருவதற்குள் மேனேஜர் பக்கவாட்டில் சரிந்தது. நான்கு கால்களும் விறைத்து உதற ஆரம்பித்தன. வாயில் நுரை.

எனக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கிறது. அடுப்படிக்கு ஓடிச் சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து வந்து, உதட்டை விலக்கி, விரலால் ஈறில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தை முதல் முறையாக டிவியை அணைத்தாள். மெதுவாக உதறல் நின்றது. நாக்கு என் விரலைத் தேடி நக்கியது.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். அவர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்: "வெளிய எதுவும் குடுக்கறதில்லைன்னு சொன்னாங்களே? அதை நம்பித்தான் மருந்தைக் கூட்டினேன்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் எதைக் கேட்டாலும் "இல்லீங்க" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பதில். மூட்டை கிழிஞ்சதா? இல்லீங்க. லேட்டா வந்தியா? இல்லீங்க. நாய்க்கு ஏதாவது குடுக்கறீங்களா? இல்லீங்க. பிஸ்கட்டுக்குச் சேர்த்து மருந்து ஏறியது. அப்புறம் அவர் உண்மையிலேயே பிஸ்கட்டை நிறுத்தினார். மருந்து மட்டும் மிச்சம்.

"நீங்க படிச்சவங்கதானே?" என்றார் டாக்டர் என்னிடம்.

அவர் மருந்தைக் குறைத்து எழுதினார். இனி வெளியே என்ன தின்றாலும் உண்மை தெரியவேண்டும், தெரியாமல் ஊசியைத் தொடாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். படம்கூட வரைந்து காட்டினேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ என்ன சொன்னாலும் சரி பாப்பா. குடுத்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. குடுக்காத அன்னைக்குத்தான் விழுந்துச்சு. கடைசியில எதைக் குடுத்து எழுப்பின? சர்க்கரையைத்தானே?"

"அது வேற அப்பா."

"கை குடுத்துக்கிட்டே இருந்துச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வரைந்த படத்தை மடித்து வைத்தேன். இது நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

இப்போது மேனேஜருக்குச் சுத்தமாகக் கண் தெரியாது. சுவரை ஒட்டியே நடக்கிறது. எங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால் காற்றிலேயே கை கொடுக்கிறது. காலியான சோபாவுக்குக் கொடுக்கிறது. கதவுக்குக் கொடுக்கிறது. எதிர்வீட்டுக்குப் போன டப்பா திரும்பி வந்துவிட்டது. எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடுவதை விட்டுவிட்டேன். எடுத்துப் போட்டால் இன்னொன்று வரும்.

இன்று வேலை முடிந்து வந்து, கப்பால் அளந்து சாப்பாடு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதியிலேயே விலகிப் போய்விட்டது. கையில் ஊசியோடு கூடத்துக்கு வந்தேன். கடிகாரத்துக்குக் கீழே அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவர் தொடையில் முகத்தை வைத்திருந்தது. அதன் மீசையில் தூள் ஒட்டியிருந்தது.

"அப்பா, இன்னைக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் அந்தத் தூளைக் கையால் துடைத்துவிட்டார்.

"திட்டமாட்டேன். சத்தியமா திட்டமாட்டேன். எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் ஊசி போட முடியும். கூடப் போட்டா அன்னைக்கு மாதிரி விழுந்துடும். போடாம விட்டா வேற விதமா போயிடும். புரியுதா அப்பா?"

அம்மாவைப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கினார். நின்றுகொண்டிருக்கும் என்னையும் என் கையிலிருந்த ஊசியையும் பார்த்தார். முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

என் அப்பா, என்னிடம்.

என் குரல் கேட்ட திசையில் மேனேஜர் முகத்தைத் திருப்பியது. காலைத் தூக்கி எனக்கு நீட்டியது. ஊசியில் எவ்வளவு எடுப்பது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். அது காலை இறக்கவில்லை.