மாசியில் போட்ட உப்பு

“நூத்தி எழுபத்தி நாலு. கீழ நூத்தி நாலு. இன்னிக்கும் ஆவாதும்மா” என்று ஆதிகேசவனின் கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தாள் நர்ஸ்.

பக்கத்தில் நின்றிருந்த கோமளம் ஆபரேஷன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். புருஷனின் வலது கண் புரைக்கு ஆபரேஷன் என்று தேதி வாங்கிக்கொண்டு வந்து, பிபி ஏறியிருக்கிறது என்று திரும்பிப் போவது இது இரண்டாவது முறை.

“மாத்திரை போடறாரா?”

“வேளை தப்பாம போடறாரு சிஸ்டர்.”

“அப்ப உப்பு?”

“அளந்துதான் போடறேன். ஒரு நாளைக்கி ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஸ்பூன். சமையல் கிளாஸ்ல குடுத்த ஸ்பூன்லயே அளக்கறேன். ஊறுகா இல்ல, அப்பளம் இல்ல, கருவாடு பக்கமே போறதில்ல.”

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பதிலை நாளெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்த பார்வை. “எல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க. மூணு வாரம் கழிச்சி வாங்க. அப்பவும் எறங்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவாங்க. அங்க எப்ப தேதி கெடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.”

ஆதிகேசவனுக்குப் பெங்களூர் அடுகோடியில் கிருஷ்ணப்பாவின் பட்டறையில் லேத் மிஷினில் இரும்பு கடையும் வேலை. இருபத்தாறு வருஷம். இடது கண்ணில் இளவயதிலேயே இரும்புத் துகள் தெறித்துப் பாதிப் பார்வைதான். வலது கண்ணை வைத்துக்கொண்டே வெர்னியர் அளவுகோலின் மயிரிழைக் கோட்டைப் பார்த்து அளந்து கடைந்து வந்தவர். அந்தக் கண்ணிலும் புரை விழுந்தபின், ஒரு நாள் நாற்பது புஷ் வளையங்களை அளவு தப்பிக் கடைந்துவிட்டார். கிருஷ்ணப்பா சத்தம் போடவில்லை. லேத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, தன் கன்னடத் தமிழில் சொன்னார்: “ஆதி, மொதல்ல கண்ணு சரி மாட்கோ, சரி பண்ணிக்கோ. இந்த மிஷின் உன்துதான், யாரையும் தொட விடமாட்டேன். ஆனா தீபாவளி முடிஞ்சா பெரிய ஆர்டர் வருதப்பா. அதுவரைக்கும்தான் நான் தாங்க முடியும்.”

இப்போது தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அதுவரை ஆதிகேசவன் பட்டறை மூலையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கோமளம். கொஞ்ச தூரம் போனதும் அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத.”

“கோச்சிக்கற மாதிரி இருந்தா கேக்காதீங்க.”

“நெசமாவே ஒரே ஸ்பூன்தானா கோமளா?”

“நீங்களுமா?”

“இல்லம்மே, பட்டறைல பசங்க சொன்னானுங்க. பொம்பளைங்களுக்குப் பழக்க தோஷத்துல கை தானா போட்டுடுமாம், அவங்களுக்கே தெரியாதாம்.”

“அந்தப் பசங்களையே வந்து பொங்கிப் போடச் சொல்லுங்க.”

அடுகோடி வரும்வரை அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. கோபத்தைவிட வலிதான் அதிகம். மூன்று மாதமாக உப்பைக் குறைத்திருக்கிறாள். ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. “எப்டி இருக்குது?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்குது” என்பார். இப்படியும் ஒரு மனுஷன் பொறுத்துப் போவாரா என்று ஒவ்வொரு தட்டுக்கும் மனசுக்குள் கும்பிட்டவள் அவள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சமையல் வகுப்பு. கல்யாண மண்டபத்தின் பின்கட்டுச் சமையலறையை ஒரு தொண்டு அமைப்பு வாடகைக்கு எடுத்து, சர்க்கரையும் பிபியும் இருக்கிற வீட்டுப் பெண்களுக்காக நடத்துவது. பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுப்பவள் ஸ்னேஹா, சாப்பாட்டு விஷயம் படித்த டயட்டீஷியன், ஈரோட்டுப் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். கரும்பலகையில் எழுதி வகுப்பெடுக்க மாட்டாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

“அக்கா, இன்னைக்கு ஒரு விளையாட்டு. புளிக்குழம்பு வைக்கிறோம். ஆனா ஒரு கல் உப்பு கூடப் போடக் கூடாது. மல்லி, மிளகு, எள்ளு, வெந்தயம், பூண்டு. இதுங்க மட்டும் எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகுதுன்னு பாப்போம்.”

“உப்பில்லாமலா? எங்க வீட்டுக்காரரு தட்டோட என்னையும் தூக்கி ரோட்ல வெச்சிருவாரு” என்றாள் அன்னம்மாள். ஐ.டி. ஆபீஸ் ஒன்றில் துப்புரவு வேலை செய்பவள். அவள் வாய்க்குப் பயந்து அங்கே மேனேஜரே வழிவிடுவாராம்.

“புளி எங்கக்கா? இந்த வாரம் நீங்கதானே கொண்டுவரணும்?”

அன்னம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அய்யோ மேடம், மறந்தே போச்சு.”

“பேசறதுக்கு மட்டும் மறக்காது” என்று எழுந்தாள் கோமளம். “எங்க வூடு ரெண்டு சந்து தள்ளித்தான். நான் எடுத்தாறேன்.”

போன வேகத்தில் ஒரு கிண்ணத்தில் கை நிறையக் கரும்புளியோடு வந்தாள். வறுக்கிற வேலையும் அவள் கைக்குத்தான் வந்தது. மல்லி சிவந்து வாசம் எழும்பும்போது மிளகைப் போட்டாள். எள் படபடத்து அடங்குவதற்குள் வாணலியை இறக்கினாள். பூண்டை நல்லெண்ணெயில் விட்டு, மணம் மண்டப வாசல்வரை போனபின்தான் புளியைக் கரைத்து ஊற்றினாள். குழம்பு கொதித்துச் சுண்டி எண்ணெய் மேலே மிதந்தது.

ஸ்னேஹா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். அவள் முகம் மாறியது. இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

“யாரு உப்பு போட்டது?”

அன்னம்மாள் கரண்டியை வாங்கி ருசி பார்த்தாள். “அட ஆமா! நல்லாவே உப்பா இருக்குது.”

“அடுப்புகிட்ட நின்னது கோமளம்தான்” என்றது ஒரு குரல்.

“நான் போடல.”

“அக்கா,” ஸ்னேஹா அடுப்பை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். “வீட்லயும் இப்படித்தான் கொஞ்சம்... பரவால்லக்கா, சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். அண்ணனுக்கு ஏன் எறங்கலன்னு தெரிஞ்சாப் போதும்.”

அதுதான் கோமளத்துக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள்.

“நர்ஸும் நம்பல, கட்னவரும் நம்பல, இப்ப நீங்களும் நம்பல. உப்பு டப்பா அதோ அலமாரில கீது மேடம். அதோட மூடிய நான் தொட்டேனான்னு இத்தினி பேரும் சொல்லட்டும். என் வூட்டுக்காரரு கண்ணு மேடம் அது. அந்தக் கண்ணு தெரியலன்னா அவருக்கு அந்த லேத் இல்ல. நான் போய் அதுல வெளயாடுவனா?”

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அன்னம்மாள் மட்டும் குனியவில்லை. அவள் கண் கிண்ணத்தில் மீந்திருந்த புளிமேல் இருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டாள். சப்பினாள். கண்ணைச் சுருக்கினாள்.

“ஏய் கோமளம். இந்தப் புளி ஏது?”

“ஆனேக்கல் சந்தைல வாங்கனது. எங்க நாத்தனார் அங்கதான இருக்காங்க.”

“வாங்கி?”

“வாங்கி என்ன? மாசி மாசம் மொட்ட மாடில காயவெச்சேன். கொட்டை எடுத்தேன். ஜாடில அடுக்கடுக்காப் போட்டு, நடுவுல கல்லு...”

அவள் நிறுத்தினாள். அவள் கை, ஜாடிக்குள் உப்பைத் தூவுகிற மாதிரியே அந்தரத்தில் நின்றது.

“கல்லுப்பு” என்று முடித்தாள் அன்னம்மாள்.

கோமளம் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எவ்வளவுக்கா போட்டீங்க?” ஸ்னேஹா பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அஞ்சு கிலோ புளிக்கு ஒரு கிலோ. அப்பதான் பூச்சி வராது, வருஷம் பூரா கெடாது. எங்கம்மா வூட்லயும் அப்டித்தான் போடுவாங்க.”

“ஒரு நாளைக்கு எத்தனை உருண்டை எடுப்பீங்க?”

“காலைல கொழம்புக்கு ஒரு எலுமிச்ச அளவு. ராத்திரி ரசத்துக்கு ஒண்ணு.”

ஸ்னேஹா போனில் கணக்குப் போட்டாள். “ஒரு உருண்டைலயே ஒரு ஸ்பூன் உப்பு இருக்குக்கா. ரெண்டு உருண்டை ரெண்டு ஸ்பூன். நீங்க அளந்து போட்டது ஒண்ணு. ஆக ரெண்டு பேருக்கு மூணு, ஆளுக்கு ஒண்ணரை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே மொத்தம் ஒரு ஸ்பூன்தான்னு சொல்லியிருக்கேன்ல, பிபி இருந்தா அதுக்கும் கீழன்னு?”

மாசியில் போட்ட உப்பை ஆவணியில் யார் எண்ணுவார்கள்? வருஷத்துக்கு ஒரு நாள் செய்கிற வேலை அது. ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டி மூடியதோடு அந்த உப்பும் மறந்துபோயிற்று. அவள் கண்ணுக்கு அது வெறும் புளி.

“நாந்தான்... நானே போட்டுக்கினு இருந்திருக்கேன்” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள் கோமளம்.

“இல்லக்கா. தப்பு என்னோடது.” ஸ்னேஹா சுவரைக் காட்டினாள். அங்கே அவள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. ஒளிந்திருக்கும் உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பேக்கரி பன். “இதுல புளி இல்ல பாருங்க. எங்க வீட்ல பாக்கெட் புளிதான். புளில உப்பு போட்டு வைப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. உங்க சமையலைக் கேக்காமலே உங்க மேல சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கங்கக்கா.”

படித்த பெண், பன்னிரண்டு பேர் முன்னால் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கோமளம் அவள் தோளைத் தொட்டாள். “எழுந்திரு கண்ணு, தர ஈரமா இருக்குது” என்றாள். அதுவரை ‘மேடம்’ என்றே கூப்பிட்டு வந்தவள்.

“இன்னும் ஜாடி நெறைய கீதே, அத்த என்னா பண்றது?” என்றாள் அன்னம்மாள். “வேணும்னா எனக்குக் குடு. எங்க மாமியாருக்கு அனுப்பறேன்.”

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. சிரித்து முடித்தபின் ஸ்னேஹா வழி சொன்னாள். “கொட்ட வேண்டாம். அதுல உப்பு இருக்குன்னா அதையே உப்புன்னு வச்சுக்கலாம். காலைல மட்டும் பாதி உருண்டை. குழம்புல தனியா உப்பே வேண்டாம். ராத்திரி ரசத்துக்குத் தக்காளியும் எலுமிச்சையும். மிளகு, சீரகத்தைத் தாராளமா தட்டிப் போடுங்க. உப்பு எடத்த அது புடிச்சுக்கும்.”

மறுநாள் காலை அப்படியே வைத்துப் பரிமாறினாள். ஆதிகேசவன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

“இன்னா இது, சப்புன்னு கீது?”

மூன்று மாதத்தில் முதல் குறை. கோமளம் நடந்ததையெல்லாம் சொன்னாள். புளியை, ஜாடியை, கல்லுப்பை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

“அப்ப என் நாக்கு நல்லாத்தான் கீதா?”

“நாக்குக்கு இன்னா?”

“உப்ப கொறச்சிட்டேன் கொறச்சிட்டேன்னு நீ சொல்ற. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. செரி, கண்ணு போச்சு, அடுத்து நாக்கும் போவுதுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா பயப்படுவ. அதான் நல்லாத்தான் இருக்குதுன்னு...”

“அடப்பாவி மனுஷா! நான் உங்கள மகான்னு நெனச்சி தெனம் கும்பிட்டுக்கினு இருந்தேனே!”

“கும்பிட்டத வாபஸ் வாங்கிக்க” என்று சொல்லிவிட்டு, சப்பென்றிருந்த அந்தக் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

மூன்று வாரம். முதல் வாரம் அவர் முனகினார். இரண்டாவது வாரம் மிளகு கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றார். மூன்றாவது வாரம் பட்டறையில் யாரோ கொடுத்த போண்டாவைக் கடித்துவிட்டு, “கடல் தண்ணி மாதிரி கீதுடா” என்று துப்பினாராம். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். எண் ஏறி, ஏறி, இறங்கி நின்றது.

“நூத்தி முப்பத்தாறு, கீழ எண்பத்தி நாலு. இன்னாம்மா பண்ணீங்க?”

“புளிய கொறச்சோம் சிஸ்டர்.”

நர்ஸுக்குப் புரியவில்லை. கோமளம் நின்று விளக்கமாகவே சொன்னாள். கேட்டு முடித்த நர்ஸ், “எங்க வீட்லயும் ஜாடிதான்” என்று சொல்லி, பேனாவை மூடாமலே யோசனையில் நின்றாள். அன்று மதியமே ஆபரேஷன் முடிந்தது.

தீபாவளி போன இரண்டாவது சனிக்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஆதிகேசவன் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வரக் கூச்சம். அங்கிருந்தபடியே எதிர்ச்சுவரில் இருந்த தாளைப் பார்த்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

“ஊறுகாய். அப்பளம். கருவாடு. மோர்மிளகாய். பேக்கரி பன்.” கடைசி வரி புதிதாக, சிவப்பு மையில், பொடி எழுத்தில் இருந்தது. “ஜாடிப் புளி. ருசித்துச் சொன்னவர் அன்னம்மாள், கண்டுபிடிக்கக் காரணம் கோமளம்.”

கோமளம் கரண்டியை வைத்துவிட்டாள். வாசலுக்கும் அந்தச் சுவருக்கும் பதினைந்து அடி தூரம்.

“வாங்கண்ணா” என்று ஓடிப்போய் அழைத்துவந்தாள் ஸ்னேஹா. அவர் பையை மேடைமேல் கவிழ்த்தார். கலகலவென்று பன்னிரண்டு சின்னஞ்சிறு ஸ்டீல் கிண்ணிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு. உள்வட்டம் கண்ணாடி போல மின்னியது.

“நேத்து கிருஷ்ணப்பா சார் தார்ப்பாய எடுத்தாரும்மா. லேத்ல மொத மொதல்ல இதத்தான் கடஞ்சேன். தலை தட்டிப் போட்டா சரியா அரை ஸ்பூன் உப்பு. மயிரிழை கூட, கொறச்சல் இருக்காது. வெர்னியர் வெச்சி நானே பாத்து அளந்தது.” ‘நானே பாத்து’ என்பதை அவர் அழுத்திச் சொன்னார். “உங்களுக்கெல்லாம் குடுக்க என்கிட்ட வேற இன்னா கீது?”

ஸ்னேஹா ஒரு கிண்ணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

அன்னம்மாள்தான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாம் செரிண்ணா. புளிய அளக்க ஒண்ணு எப்ப கடஞ்சி தருவீங்க?”

“ஆர்டர் குடுத்துட்டியாம்மா?” என்று ஆதிகேசவன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். “எலுமிச்சைல பாதி. அளவு சொல்லு, எழுதிக்கறேன்.”