நாக்கு மரத்த மாலை

எங்கள் வீட்டில் வருஷத்தின் மிக நீண்ட இரவான குளிர்காலச் சங்கிராந்தி அன்று ஒரு நாக்கு முதலில் பரீட்சை எழுதும். அது தேறினால்தான் மற்றவர்கள் கிண்ணத்தைத் தொடலாம். ஆட்டுக்கறியோடு ஃபூசிக் கிழங்கைப் போட்டு விடிகாலையிலிருந்து கொதிக்கவிடுவோம். ஃபூசி வச்சநாபி இனத்தைச் சேர்ந்தது. நன்றாக வெந்தால் மருந்து, வேகாவிட்டால் விஷம். ஈரம் எலும்புவரை இறங்கும் எங்கள் சிச்சுவான் மாகாணக் குளிருக்கு, மரத்துப்போன முட்டிக்கும் ஐஸ் கட்டியாய்க் கிடக்கும் பாதத்துக்கும் அதைவிடச் சூடு கொடுப்பது வேறில்லை. ஒருவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நாக்கு மரத்தால் பானை மறுபடி அடுப்புக்குப் போகும்.

அக்கா புருஷன், எங்கள் அத்தான் லுவோ சாங்கெங் லாரி டயர் ஒட்டுகிறவர். காலமெல்லாம் ஈரத் தரையில் மண்டியிட்டதில் அவருடைய முட்டிகள் இரண்டும் வீணாகிவிட்டன. எங்கள் அப்பா அம்மா போன பிறகு, அந்த முட்டிகளை வைத்துத்தான் என்னை மருத்துவப் பள்ளியில் படிக்கவைத்தார். இன்று ஊசி குத்துகிறேன், முதுகில் குவளை வைத்து ரத்தத்தை மேலே இழுக்கிறேன், நாடி பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் மாசிபத்திரிச் சுருளைக் கொளுத்தி அவர் முட்டிக்குச் சூடு காட்டுவதும் நான்தான். அவரோடு தினமும் சண்டை போடுவதும் நான்தான்.

அந்த வருஷம் என் வைத்தியசாலை மருந்துக்கடையில் விஷம் போகப் பக்குவம் செய்து வைத்திருந்த கிழங்கு வேண்டாமென்று, கிழங்கு பயிரிடும் சிநேகிதனிடமிருந்து பச்சைக் கிழங்காகவே ஒரு பை வாங்கி வந்துவிட்டார்.

"உன் கடைச் சரக்குல வீரியமே இல்ல, டாக்டரம்மா. பல்லு போன நாய் மாதிரி இருக்கு."

"பல்லு இருக்கற நாயை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கீங்க. கடிச்சா என்கிட்ட வராதீங்க."

பிடிவாதக்காரர், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பாதிக் கிழங்கை மட்டும் நானே எடுத்து நறுக்கி, ஊறவைத்துக் கழுவி, விடியுமுன்பே அடுப்பில் ஏற்றினேன். மீதியைப் பையோடு கட்டி அலமாரியில் வைத்தேன். "மூடியத் திறக்காதீங்க. தண்ணி வத்துனா கொதிக்கிற தண்ணிதான் ஊத்தணும், பச்சத்தண்ணி கூடவே கூடாது, கொதி நின்னா விஷம் முறியாது. ருசி பார்க்கற வரைக்கும் மிளகும் போடக்கூடாது" என்று மூன்றையும் அவர் காதில் ஓதிவிட்டு வைத்தியசாலைக்குப் போனேன். அக்காவுக்கு அன்று சந்தையில் கடை. பானைக்குக் காவல் அத்தான் ஒருவர்தான்.

மிளகைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் மிளகும் நாக்கை மரக்கவைக்கும். அதைப் போட்டுவிட்டால் நாக்கு மரத்தது மிளகாலா, விஷத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன். மேசையில் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. அக்கா வந்துவிட்டாள். பக்கத்துவீட்டு பாங் அண்ணனும் விருந்துக்கு வந்திருந்தார். அக்கா மகள் மான்மான் பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"இந்தத் தடவை நீயே ருசி பாரு. அப்புறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்லக் கூடாது பாரு."

ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு ஒரு கரண்டி குடித்தேன். கறி வெண்ணெயாய்க் கரைந்திருந்தது. பத்தி கால்வாசி எரிவதற்குள் நாக்கு நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு அது உதட்டுக்கு வந்தது.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மிளகு போட்டது யாரு?"

"நான் இப்பதான் வீட்டுக்குள்ளயே வரேன்," என்றாள் அக்கா.

"நானும் இல்ல சித்தி."

அத்தான் பாங் அண்ணனை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நான்தான் போட்டேன். மறந்துபோய்ப் போட்டுட்டேன். அதுக்கென்ன இப்ப?" என்றார்.

பானைமேல் குனிந்து மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் சுவர்கூட மிளகு வாடைதான் அடிக்கும், எதைக் கண்டுபிடிப்பது? ஆனால் குழம்பில் ஒரு மிளகுத் தோல்கூட மிதக்கவில்லை.

"எங்க போட்டீங்க, அத்தான்? ஒண்ணுகூடக் கண்ணுல படலியே?"

"பொடி போட்டேன்."

"நம்ம வீட்டுல பொடி ஏது?"

பாங் அண்ணன் சிரித்துவிட்டார். "என்ன சாங்கெங், மச்சினிச்சி போலீஸ் வேலைக்குச் சேர்ந்துட்டாளா?" அதுதான் வினையாகப் போயிற்று. அத்தானுக்கு முகம் சிவந்தது. நாலு பேர் முன்னால் தலைகுனிவது என்றால் அவருக்கு உயிர் போகிற மாதிரி. அகப்பையை எடுத்தார், தன் கிண்ணம் நிறைய ஊற்றினார், நான் கையைப் பிடிப்பதற்குள் மடமடவென்று குடித்துவிட்டார். கிழங்குத் துண்டுகளையும் மென்று விழுங்கினார்.

"பாத்துக்கோ. செத்தா போயிட்டேன்? ம், எல்லாரும் சாப்பிடுங்க!"

பாங் அண்ணன் கிண்ணத்தை நீட்டினார். என் உதட்டு மரப்பு அதற்குள் கன்னம்வரை ஏறியிருந்தது. மிளகு கன்னத்துக்கு ஏறாது என்று தோன்றியது. ஆனால் பயத்தில் எனக்கே அப்படித் தோன்றுகிறதோ என்ற சந்தேகமும் வந்தது. பானையை நான் எடுத்துக்கொண்டு ஓடினால் அவர் பிடுங்குவார், சண்டை வரும், அவர் என்ன செய்துவைத்தார் என்பது கடைசிவரை தெரியாது. தெரியாவிட்டால் அவரை எப்படிக் காப்பாற்றுவது?

அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கினேன். மான்மானின் கிண்ணத்தில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

"சரி அத்தான். மிளகுதானே? மொதல்ல நம்ம குட்டி சாப்பிடட்டும்."

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கிண்ணத்தின் அடியை நான் விடாமல் பிடித்திருந்தேன். ஆனால் கை நடுங்கிய நடுக்கத்தில் பிடித்திருந்ததாகச் சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். மான்மான் பசியோடு குனிந்தாள். அவள் உதடு விளிம்பைத் தொடப் போனது.

அத்தான் மேசைமேல் பாய்ந்து அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி உடைந்தது. மான்மான் வீறிட்டாள்.

"குடிக்காதடி!"

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒரு கை மாஜோங் ஆட எதிர்க்கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா பானையில சொட்டுத் தண்ணி இல்ல. பச்சத்தண்ணிய ஊத்திட்டேன். சத்து கொறஞ்சிருக்குமேன்னு... மிச்சமிருந்த கிழங்கையும் நறுக்கிப் போட்டேன்."

"எப்ப?"

"நீ வர்றதுக்குச் சித்த முன்னாடி."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அட பாவி மனுஷா! தெரிஞ்சேவா குடிச்சே?"

"இவ புத்தகத்துல படிச்சதச் சொல்றான்னு நெனச்சேன். ஒரு கிண்ணத்துல என்ன ஆயிடப்போகுதுன்னு..."

மகளுக்கு என்று வரும்போது அந்த நினைப்பு அவருக்கு நிற்கவில்லை.

அவரைக் கொல்லைப்புறம் இழுத்துப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டேன். வாந்தி எடுத்தார். எடுத்தும் என்ன, உதடு கோணத் தொடங்கியது. "கையில எறும்பு ஊருது, ஷூஜென்" என்றார், என் பெயரைச் சொல்லி. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். நாடி வேகமாக ஓடியது, நின்றது. நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. எத்தனையோ பேருடைய நாடியைப் பார்த்திருக்கிறேன், இப்படி என் விரலுக்கடியில் ஆள் காணாமல் போய்த் திரும்பி வந்ததில்லை.

அக்கா அடுப்பங்கரைக்கு ஓடினாள். "அதிமதுரமும் பாசிப்பயறும் கொதிக்க வைக்கிறேன், விஷம் முறிஞ்சுடும். நீதானே சொல்லியிருக்கே!"

"சொன்னேன். அது கொதிக்கறதுக்குள்ள இவர் இருக்க மாட்டார்க்கா! பாங் அண்ணே, வேனை எடுங்க!"

"ஊசி குத்தேண்டி! உனக்குத் தெரியாததா?"

"இதுக்கு என் ஊசி ஆகாதுக்கா. இதயத்துக்கு மருந்து ஏத்தணும், மெஷின் வேணும். கிளம்பு!"

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மலைச்சாலை. பனிமூட்டத்தில் பாங் அண்ணன் வேனைப் பறக்கவிட்டார். அத்தான் தலை என் மடியில் இருந்தது. நான் அவர் மணிக்கட்டை விடவில்லை. நாடி நிற்கும்போதெல்லாம் அவரைக் கிள்ளினேன், திட்டினேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"ஷூஜென்," என்றார் குழறலாக. "நெசமாவே... பிள்ளைக்குக் குடுத்திருப்பியா?"

"கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கை... நடுங்குச்சே."

முன்சீட்டில் மான்மான் அக்காமீது சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வயிற்றைக் கழுவுகிறார்கள், மருந்து ஏற்றுகிறார்கள், இதயம் தாளம் தப்பி ஓடுகிறது, எதுவும் சொல்ல முடியாது என்றாள் ஒரு நர்ஸ். என் கையிலும் ஊசி போட்டு மெஷினோடு கட்டிப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று வெளியே அனுப்பினார்கள். பெஞ்சில் அக்காவின் கை என் கைக்குள் குளிர்ந்து கிடந்தது. அத்தான் போய்விட்டால் இவளை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மான்மான் என் சட்டையை இழுத்தாள்.

"சித்தி, என் நாக்கு மரக்குது."

உலகம் அப்படியே நின்றுபோனது. உதடு பட்டுவிட்டதா? நான் பார்த்தேனே, படவில்லையே! பட்டுவிட்டதா? அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவை இடித்தேன், காலால் உதைத்தேன். "பிள்ளைக்கு! பிள்ளைக்கும்!" என்று கத்தினேன். அக்கா எழுந்திருக்க முயன்று தரையில் விழுந்தாள். டாக்டர் ஓடி வந்து மான்மானின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மூடியிருந்த அவள் கையைப் பிரித்தார்.

உள்ளங்கையில் மிளகுக் கடலை.

"பாங் மாமா குடுத்தாரு. பசிச்சுது," என்றாள், அடி விழுமோ என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பாங் அண்ணன் தாழ்வாரத்து முனையில் கடலைப் பொட்டலத்தோடு நின்றார். அவர்மேல் வந்த ஆத்திரத்தில் செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது அவருக்கு ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மான்மானை இடுப்பைவிட்டு இறக்காமலே அழுதேன். டாக்டர் அவளையும் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

பொழுது விடியும் நேரத்தில் அத்தானின் நாடி நிற்காமல் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் போய் விரல் வைத்துப் பார்த்தேன். மெதுவாக, களைப்பாக, ஆனால் விடாமல் ஓடியது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கிண்டலாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இப்போது எங்கள் வீட்டுப் பானையில் ஃபூசி ஏறுவதில்லை. அவர் முட்டிக்கு மாசிபத்திரிச் சூடு மட்டும்தான், வலி தாங்கமாட்டாமல் முனகினாலும் வேறு கேட்பதில்லை. மிளகு ஜாடி மேசை நடுவில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்குமுன், பிறரிடம் தலைகுனியத் தெரியாத அந்த மனிதர், விரலில் பிடித்த மிளகைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எனக்கு நீட்டிக் காட்டுகிறார். "நான்தான் போடறேன். பாத்துக்கோ" என்கிறார். நான் பார்த்துத் தலையாட்டுகிறேன். எங்கள் ஊரில் நாக்கு மரக்காத சாப்பாடே கிடையாது. நாக்கு மரக்கத் தொடங்கியதும், யாருக்கும் தெரியாமல் மேசைக்கடியில் கையை நீட்டி மான்மானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.