இரண்டாவது தட்டு

துரியாவுக்கு வாய் நிற்காது. ஆய்வகத்தில் எட்டு மணி நேரம் பேசாமல் குனிந்து துளித்துளியாகச் சாறு விடுகிறவள், வீட்டுக்கு வந்தால் அந்த எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஃபெஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருஷமாக வேலை. நாட்டு மருந்து விற்கும் அத்தார் கடைகளில் சனங்கள் வாங்கித் தின்கிற வேரையும் விதையையும் அரைத்துச் சாறெடுத்து, குழித்தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டு, சாகிறதா பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒன்பது வருஷமும் அந்தச் சனியன் பிழைப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அதற்கு நடுவில்தான் அக்கா மிலூதாவுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. மிலூதா பள்ளிக்கூடச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குப் பருப்புக் கஞ்சி கிளறிய கை. இரண்டு முறை கீமோ ஏறியதில் முடி போனது, ருசி போனது, வீட்டில் எல்லோருக்கும் பேச்சே போனது. நோயின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. "அந்த நோய்" என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

ஒரு வியாழக்கிழமை மதியம் துரியாவின் தட்டு மஞ்சளாக நின்றது. சாயம் விட்டால் உயிருள்ள செல் ஊதாவாகும், செத்தது மஞ்சளாகவே கிடக்கும். அன்றைக்கு விட்டது பர்ஸ்தம் வேர், பழைய ஊரில் பூஷ்தா கடையில் அவளே கையால் பொறுக்கி வாங்கியது. மார்பில் கட்டி வந்த பெண்கள் தேனில் குழைத்து, வெறும் வயிற்றில், நாற்பது நாள் சாப்பிடும் வேர் அது. சாறு விட்ட குழிகள் அத்தனையும் மஞ்சள். துரியா படம் எடுத்துக்கொண்டாள். 

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வீட்டில் குஸ்குஸ் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். துரியா முதல் கவளம் எடுப்பதற்குள் போனை நீட்டினாள்.

"இங்க பாரு அக்கா. மஞ்சளா இருக்கறது பூராவும் செத்தது."

"எது செத்தது?" என்றாள் மிலூதா.

"அந்த நோய்தான். அதோட செல்லு. ஒண்ணுகூட மிஞ்சல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுலடி செத்துச்சு?"

"பர்ஸ்தம். நம்ம பூஷ்தா கடை வேரு."

"அல்லாஹ்வுக்கே புகழ்," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷன் இருபது வருஷமா சொல்லிட்டிருக்கான். படிச்சவங்க இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

இது வெறும் தட்டுதான், ஆள் இல்லை, இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று துரியா சொல்லத்தான் செய்தாள். வாயில் பூசணித் துண்டை வைத்துக்கொண்டு சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. உண்மையைச் சொன்னால், விழ வேண்டும் என்று அவளும் பெரிதாக ஆசைப்படவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சிரிப்பு.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்பு," என்றாள் மிலூதா.

துரியா அனுப்பினாள், அம்மாவுக்கும் சேர்த்து.

பார்க்க வேண்டியது என்று அவள் சொன்னதில் முக்கியமானது சிறுநீரகச் செல். நோயைக் கொல்வது நல்ல உறுப்பையும் கொல்கிறதா என்று பார்க்காமல் எந்தச் சாறையும் மருந்து என்று சொல்ல முடியாது. அதுவும் இந்த வேரைப் பற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. துரியாவுக்குத் தெரியும். ஆனால் வேறு இனமாக இருக்கலாம், வேறு மண்ணாக இருக்கலாம், அளவைக் குறைத்தால் தப்பலாம் என்று மனசு தனக்குச் சாதகமாகவே கணக்குப் போட்டது. அந்தச் செல்கள் தலைநகர் ரபாத்திலிருந்து வந்து சேர்ந்து, வளர்ந்து, தட்டில் ஏற நாலு வாரம் ஆனது. சனிக்கிழமை காலையில் சாயம் விட்டுப் பார்த்தாள். எந்த அளவிலும் மஞ்சள். ஒரு குழிகூட ஊதா இல்லை.

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். புலம்ப ஆள் வேண்டுமே.

மிலூதா சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. துரியா அதைக் கீமோவின் மேல் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"அந்த பர்ஸ்தம் கதை முடிஞ்சுது அக்கா. எல்லாம் வீண். சிறுநீரகத்தையும் சேத்துக் கொல்லுது."

மிலூதாவின் கை நின்றது. அவரைக்காய் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. துரியாவின் பார்வை அப்போதுதான் கீழே போனது. வீங்கிய கணுக்காலில் காலுறையின் விளிம்பு ஆழமாகப் பதிந்து கிடந்தது.

"அக்கா. எத்தனை நாளா?"

மிலூதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, உன்னத்தான் கேக்கறேன்."

"சொல்லக் கூடாதுன்னு பூஷ்தா சொன்னாரு. நம்பிக்கையோட, வாயத் தெறக்காம சாப்பிட்டாத்தான் பலிக்குமாம். டாக்டர்கிட்ட சொன்னா அதோட போச்சாம்." மிலூதா காயைக் கூடையில் போட்டாள். "இருபத்தொன்பது நாளு."

ரவை மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்து வைத்தாள். தேனில் குழைத்த பழுப்புப் பொடி, பாதிக்கு மேல் காலி.

"இத ஏன் தொட்ட அக்கா? யாரு சொன்னா ஒனக்கு?"

"நீதான்டி சொன்ன."

துரியா ஜாடியைத் தன் பக்கம் இழுத்து மூடியை இறுக்கினாள்.

"நான் பூஷ்தாவையா நம்பினேன்? அந்தாளு தலைவலிக்கும் பர்ஸ்தம் குடுப்பான். நான் ஒன்னோட படத்த நம்பினேன்." மிலூதா தன் போனைத் திறந்து காட்டினாள். அந்த மஞ்சள் தட்டு. "காலையில எந்திரிச்சு இதப் பாத்துட்டுத்தான் ஸ்பூன வாயில வெப்பேன். கசப்பு தாங்காது. எனக்குள்ளயும் இப்படித்தான் மஞ்சளாயிட்டிருக்கும்னு நெனச்சுப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே எந்திரிச்சேன்."

துரியா தன் போனிலிருந்த இரண்டாவது படத்தைப் பக்கத்தில் வைத்தாள். மிலூதா இரண்டையும் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பருப்பில் கல் பொறுக்குகிறவளின் கண், அவசரப்படவில்லை. இடது, வலது, மறுபடி இடது.

"இதுல எது என்னோட நோய், எது சிறுநீரகம்?"

"படத்தப் பாத்து எனக்கே சொல்லத் தெரியாது அக்கா. தேதி பாத்துத்தான் சொல்லணும்."

மிலூதா இரண்டு போனையும் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எதற்காக ஓடுகிறது என்று துரியாவுக்குத் தெரிந்தது. அவளும் உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. டாக்டர் லஹ்லூ இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். சிறுநீரகக் கணக்கு ஏறியிருந்தது. அடுத்த கீமோ இப்போது ஏற்ற முடியாது என்றார்.

"ஏதாவது நாட்டு மருந்து சாப்பிடறீங்களா லல்லா மிலூதா? போன தடவ கேட்டப்ப இல்லைன்னீங்க."

மிலூதா பையிலிருந்து ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார். அந்த வாசனை அவருக்குப் புதிதில்லை.

"இத யாரு சாப்பிடச் சொன்னா?"

"கடைக்காரர்தான்," என்றாள் மிலூதா சட்டென்று. "பழைய ஊருல ஒரு அத்தார்."

துரியா அக்காவைப் பார்த்தாள். மிலூதா அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பொய்யைப் போகவிட்டால் விஷயம் பூஷ்தாவோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் காதுக்கும் போகாது. ஒன்பது வருஷ வேலை பத்திரம். அக்கா அதற்காகத்தான் சொல்கிறாள்.

"இல்ல டாக்டர்," என்றாள் துரியா. "நான்தான். பாதி முடிஞ்ச சோதனைய வீட்டுல வந்து சொன்னேன். நான் பல்கலைக்கழகத்துல அந்த வேலையிலதான் இருக்கேன்."

மேசைக்கு அடியில் மிலூதாவின் கை வந்து அவள் முழங்காலில் நறுக்கென்று கிள்ளியது. பிறகு அந்தக் கை அங்கேயே இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நிறைய தண்ணீர் குடிக்கச் சொன்னார், வாரம் ஒரு தடவை இரத்தம் கொடுக்கச் சொன்னார், கணக்கு இறங்குமா என்பது அல்லாஹ்வின் கையில் என்றார். அந்த வாரங்களில் துரியா தினமும் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போய்க் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். இரண்டாவது படத்தையும் மிலூதா கேட்டு வாங்கிக்கொண்டாள். துரியாவுக்குப் பேச்சு குறைந்துபோனது. அம்மாவே கவலைப்பட்டு, "வாயிருக்கிற பொண்ணு இப்படி இருக்கக் கூடாது," என்றாள்.

நாலாவது வாரம் கணக்கு இறங்கியது. முழுசாக இல்லை, கீமோ ஏற்றும் அளவுக்கு.

கீமோ கூடத்தில் மிலூதாவின் கையில் ஊசி ஏறியிருந்தது. துரியா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாற்காலியில் ஒரு பெண், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், பச்சைத் தலைத்துணி. வெகுநேரம் தயங்கிவிட்டு மிலூதாவின் பக்கம் சாய்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க லல்லா. உங்க வீட்டுல யாரோ பல்கலைக்கழகத்துல இருக்காங்களாமே. பர்ஸ்தம் போட்டு அந்த நோய் செத்துப்போன படம் ஒண்ணு இருக்காம். உங்க அம்மா ஹம்மாம்ல குளிக்கப் போனப்ப எங்க அத்தைக்குக் காட்டினாங்களாம்." அவள் கை மடியிலிருந்த பைக்குள் ஏதோ சின்னதாக ஒன்றைப் பற்றிக்கொண்டிருந்தது. "எனக்கும் அனுப்புவீங்களா? காலையில பாத்துட்டுச் சாப்பிடலாம்னு."

துரியா உரித்த சுளையைத் தோலோடு மடியில் வைத்தாள். 

மிலூதா ஊசி இல்லாத கையால் போனை எடுத்தாள்.

"நம்பர் சொல்லும்மா," என்றாள். "ரெண்டு படம் இருக்கு. ரெண்டையும் அனுப்பறேன், எது எதுன்னும் சொல்றேன். நீ யாருக்காவது அனுப்பினா, ஒண்ண மட்டும் அனுப்பாத."