கறுப்புக்கும் புள்ளிக்கும் பிறந்தவை

பள்ளி வேன் ஓட்டும் அவள், மொட்டைமாடியில் குள்ளக் கோழிகள் வளர்த்தாள். எல்லாமே சாம்பல் நீலம். ஆனால் ஒவ்வொரு முறை பொரிக்கும்போதும் சில குஞ்சுகள் கறுப்பாகவும், சில வெள்ளையில் மை தெளித்தாற்போல் புள்ளியாகவும் வந்தன.

கோழி வளர்ப்போர் சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவரே அவள் கோழிகளைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்.

"கலப்பு ரத்தம்மா. சுத்தமான இனம்னா எல்லாம் நீலமாத்தானே பொரிக்கணும்?"

"வேற சேவல் என் மாடிக்கு வந்ததை நீ பார்த்தியா?"

"தங்கச்சிங்கறதால விட்டுட்டேன்னு நாலு பேர் பேசுவாங்கம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் குறிப்பு நோட்டை எடுத்தாள். இதுவரை பொரித்தவை அறுபத்தொன்று: நீலம் முப்பத்தொன்று, கறுப்பு பதினாலு, புள்ளி பதினாறு. பாதி, கால், கால். கலப்படம் இவ்வளவு கணக்காகவா நடக்கும்?

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதில் பிடிபட்டது. கறுப்பை வெளுக்கவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நீலம். இருவரிடமிருந்தும் வந்தால் புள்ளி. வராமலே போனால் கறுப்பு.

நேரே அண்ணனிடம் போனாள்.

"கறுப்புப் பெட்டைகளையும் புள்ளிச் சேவலையும் சேர்க்கறேன். ஒண்ணு விடாம நீலமாப் பொரிக்கும்."

"கழிச்சுப் போட்டதை வச்சா?" அண்ணன் சிரித்தார்.

"பொரிக்கலேன்னா கோழி வளர்க்கறதையே விட்டுடறேன். பொரிச்சா உன் கையால திரும்ப எழுதணும்."

முன்பு சேர்ந்த சேவலின் வித்து தங்கியிருக்கும் என்று யாரும் குறை சொல்லக் கூடாதென்று பெட்டைகளை ஒரு மாதம் தனியே அடைத்துவைத்த பிறகே சேவலை விட்டாள். பன்னிரண்டு முட்டைகளிலும் அண்ணனைக் கையெழுத்துப் போடவைத்து, அடைகாக்கும் பெட்டியை அவருடைய கிளினிக்கிலேயே, நோயாளிகள் உட்காரும் அறையில் வைத்தாள். ஒருநாள் மதியம் கரண்ட் போனபோது, வெந்நீர் பாட்டில்களைச் சுற்றி அடுக்கிவைத்துவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

இருபதாம் நாள் ஒரு முட்டையின் ஓடு விரிசல் விட்டது. முதல் குஞ்சு ஈரத்தோடு வெளியே வந்து விழுந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"கறுப்பும்மா," என்றார் மெதுவாக. அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

அவள் "காயட்டும்" என்றாள்.

கன்னம் வீங்கிய ஒரு பெரியவர், பல்வலியை மறந்து பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர், எனக்கு அவசரமில்லை. இது காயட்டும்."

மெல்ல மெல்ல ரோமம் உலர்ந்து பொங்கியது. புகைபோல், சாம்பல் நீலம்.

மாலைக்குள் ஒன்பது பொரித்தன, மூன்று கூமுட்டை. வாய்க்குள் பார்க்கும் டார்ச்சை அடித்து, அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்பதும் நீலம்.

பதிவேட்டை எடுத்து, அடித்த வரிக்குக் கீழே புதிதாக எழுதினார்.

"போதுமாம்மா?"

"போதாது. கறுப்பையும் புள்ளியையும் யாரும் கழிச்சுப் போடக் கூடாதுன்னு கூட்டத்துல நீயே சொல்லணும்."

அடுத்த கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று அவர் சொன்னார். தப்புத் தன்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னார்.