ரூபன் டன்னிங்கின் பதினொரு நாள்

அப்பா கேட்டது ஒன்றுதான். செத்தால் அவருடைய சாம்பலை அவருடைய ஆட்களுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அவருக்கு ஆட்களே கிடையாது. இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். கையில் இருந்தது ஒரு பிறப்புச் சான்றிதழும் டன்னிங் என்ற குடும்பப் பெயரும்.

நுரையீரலில் புற்று என்று டாக்டர் சொன்ன வாரம் தேட ஆரம்பித்தேன். பட்டாணி உறைய வைக்கும் ஆலையில் எனக்கு இரவு வேலை. காலையில் ஆலை விட்டதும், ஆவணக் காப்பகம் திறக்கும்வரை காரில் தூங்குவேன். சான்றிதழ், மக்கள்தொகைக் கணக்கு என்று பின்னோக்கிப் போய், 1841இல் நாற்பது வயதுக் கூலியாளான, ஏழு பிள்ளை பெற்ற ரூபன் டன்னிங்கிடம் வந்து நின்றேன். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். ஸ்கார்த்பி கிராமத்து ஞானஸ்நானப் பதிவில் ஆள் கிடைத்தான்: 1801 மார்ச் எட்டு, வில்லியம் டன்னிங்கின் மகன் ரூபன். அவனுக்கு முன்னால் நூற்றிருபது வருஷம் அதே ஊரில் டன்னிங்குகள்.

அப்பா அந்தப் பதிவின் நகலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பாதிரியாரும் இடம் தரச் சம்மதித்தார்.

இன்னொரு நகல் எடுக்கப் போனபோது காப்பகத்து ஐரிஸ் கேட்டாள்.

“ஆளைக் கொன்னு பாத்தியா, கண்ணு?”

“என்னது?”

“அடக்கப் பதிவேட்டைப் பாத்தியான்னு கேக்குறேன்.”

“ஏழு புள்ள பெத்தவன் குழந்தையிலயா சாவான்?”

“ஏழு பெத்தவன் இவன்தான்னு யாரு சொன்னா? உன் ஆசை சொல்லுச்சு. இங்க வர்ற எல்லாருக்கும் அதுதான் சொல்லுது.”

பார்த்தேன். ஞானஸ்நானத்தைப் பதிந்த அதே பழைய பாதிரியாரின் கையெழுத்து. அதே 1801, மார்ச் பத்தொன்பது, ரூபன், வில்லியம் டன்னிங்கின் கைக்குழந்தை. இடையில் பதினொரு நாள். அந்த வீட்டில் பிறகு வேறு ரூபன் பிறக்கவில்லை. எங்கள் ரூபன் வேறெங்கோ பிறந்தவன். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிராமங்கள். அப்பாவுக்கு அத்தனை நாள் இல்லை.

சொல்லாமல் விடலாம் என்று தோன்றியது. ஆனால் என் பொய் அவரிடம் செல்லாது. படிப்பை விட்டதை மறைத்தபோதும் ஒரே நாளில் கண்டுபிடித்தார்.

சொன்னேன். நகலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ரெண்டு மாசம் எனக்கும் ஒரு ஊரு இருந்துச்சுடா. ‘எங்க ஊரு ஸ்கார்த்பி’ன்னு நர்சுகிட்டகூட சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“மத்த ஊருலயும் தேடுறேன்ப்பா.”

“அதுவரைக்கும் என்னை எங்க வைப்ப? உன் பட்டாணியோடயா?” சிரிக்கப் போய் இருமினார். அடங்கியதும் கேட்டார்: “அந்தப் புள்ளைக்குக் கல்லு இருக்கா?”

“பதினொரு நாள் புள்ளைக்கு யாரு கல்லு வெப்பா? எந்த மூலையில பொதைச்சாங்கன்னே தெரியாது.”

“அதத் தேடிக்கிட்டு யாராவது வருவாங்களா?”

“வாரிசே இல்லயே. என்னை மாதிரி தப்பு பண்றவன்தான் வருவான்.”

“அப்போ என்னை அங்கயே வை.”

மே கடைசியில் போனார். பாதிரியாரிடம் நடந்ததைச் சொன்னேன். பரவாயில்லை என்றார். வடக்குச் சுவரோரம் சாம்பலைப் புதைத்தோம். பிறகு அவர் அடக்கப் பதிவேட்டைத் திறந்து எழுதினார்: லெனார்ட் டன்னிங், வயது எழுபத்தொன்று. சொந்தக்காரர் இல்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இன்னும் நூறு வருஷம் கழித்து எவனாவது இரண்டு பதிவையும் பார்த்து, ஒரே குடும்பம் என்று நினைப்பான். நினைக்கட்டும்.