சீட்டுக்கு அடியில்

முனியப்பன் தூக்கியெறியப்பட்ட பிறகும் புல் வெட்டும் வண்டி நிற்கவில்லை. ஆளில்லாமல் ஈரச் சரிவில் வழுக்கி வந்து, எழ முயன்றவனின் இடது காலை அடியில் இழுத்துக்கொண்டது. வண்டிக்கு முன்னால் கல் பொறுக்கிக்கொண்டு போன அவன் மனைவி கன்னிகா சத்தம் கேட்டுத் திரும்பினாள். அந்த வண்டியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. எப்படி ஏறினோம் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் அடங்கி, அவன் அலறல் மட்டும் தனியாகக் கேட்டதுதான் நினைவில் இருந்தது.

ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்ட வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து திருப்பதிக்கு ஆம்புலன்ஸ் போன வழியெல்லாம் அவன் அவள் மணிக்கட்டை விடவில்லை.

"ஒயர் விசயத்த யார்கிட்டயும் சொல்லிடாதமே. என் தப்புன்னு வெளிய அனுப்பிடுவானுங்க. காலும் போயி வேலையும் பூட்ச்சுன்னா இன்னா பண்றது?"

ஓட்டுகிறவன் எழுந்தால் பிளேடு தானாக நிற்பதற்குச் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. மேடுபள்ளத்தில் உடம்பு குலுங்கிச் சீட்டைவிட்டு எழும்பும்போதெல்லாம் எஞ்சினும் அணைந்துகொண்டிருந்தது. வேலை முடியவில்லை என்று சூப்பர்வைசர் ஹரிபாபு தினமும் கத்தினார். பொறுக்கமாட்டாமல் முனியப்பன்தான் அந்த சுவிட்ச் எப்போதும் அமுங்கியே இருக்கும்படி ஒயரால் கட்டிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஹரிபாபு போன் செய்து, அவன் எப்படி இருக்கிறான் என்று தெலுங்கில் விசாரித்தார்.

"ஏமம்மா, எட்லா உன்னாடு? நீ கவலப்படாத. ஈரத்துல வழுக்கிடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதியாச்சு. வண்டிய கழுவி தீனாகிட்ட குடுத்துட்டோம். ஃபேக்டரிக்கு விசிட்டர்ஸ் வராங்க இல்ல, புல்ல வெட்டியாகணும்."

தீனா அவளோடு களை பறிக்கிறவன். வண்டியில் ஏற வேண்டுமென்று ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தவன். கன்னிகா கட்டிலைப் பார்த்தாள். முனியப்பன் கண் மூடியிருந்தான். அவள் தீனாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எஞ்சின் இரைச்சலோடு அவன் குரல் வந்தது.

"அக்கா, சரிவுல கீறேன். அப்பால பேசுறேன்."

"சாவிய திருப்புடா! மொதல்ல வண்டிய நிறுத்து!"

வார்டே திரும்பிப் பார்த்தது.

"இன்னாக்கா?"

"சீட்டு சுச்சுல ஒயரு கட்டிக்கீது. நீ வுழுந்தாலும் பிளேடு நிக்காது. அவருதான் கட்டினாரு. சார்கிட்ட போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு."

இரைச்சல் அடங்கியது. தீனா வண்டியைவிட்டுக் குதித்து இறங்கும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பியபோது முனியப்பன் விழித்திருந்தான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவன் பிடரியைத் தாங்கி உதட்டருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்து வழியாகத் தலையணையை நனைத்தது. அவள் டம்ளரை எடுக்காமல் பிடித்தபடியே இருந்தாள்.