புதுச்சாமையும் காலை பஸ்ஸும்

ஆபீஸர் விசாரணைக்கு வருகிற அன்று நான் வீட்டில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் கணவரின் அண்ணன் அங்கப்பன், நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"சுகுணா, காலை பஸ்ஸுல நாகலூருக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரும்மா. சாயங்காலம் வந்தாப் போதும். ஊட்டுல மலையாளிங்க மட்டும் இருந்தா நொம்ப நல்லது."

மலையாளி என்றதும் கேரளாவைத் தேட வேண்டாம். இந்தச் சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர். என் கணவர் மாதையன் அந்த இனம். நான் நாகலூர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா காலத்தில் காப்பிப்பழம் பறிக்கச் சேலத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். இருபது வருடத்துக்கு முன் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு பக்கமும் மண்ணை வாரித் தூற்றினார்கள். இப்போது மகள் மலருக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. எஸ்.டி. சர்டிபிகேட் காட்டாவிட்டால் அது போய்விடும். அதைத் தருவதற்கு முன்னால்தான் இந்த விசாரணை. அம்மா வெளியாள் என்று தெரிந்தால் சர்டிபிகேட் தர மாட்டார்கள் என்று யாரோ அங்கப்பன் காதில் ஓதியிருக்கிறார்கள்.

மாதையனைப் பார்த்தேன். அவர் தன் ஜீப் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று ஊரையே எதிர்த்து நின்ற மனுஷன்! இருந்தாலும் மலருக்காக வாயை மூடிக்கொண்டு, அன்று காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் கரடியூர் பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு முன்னால் அரசாங்க ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் தலையை நீட்டினார்.

"ஏம்மா, மாதையன் வீடு எது?"

என் வீட்டுக்கு என்னிடமே வழி கேட்கிறார். அந்த வீட்டுக் கூரைக்கு ஓடு சுமந்தவள் நான். நான் எதற்கு ஒளிய வேண்டும்? அந்த இடத்திலேயே என் பொறுமை தீர்ந்தது.

"நானே வந்து காட்டறனுங்க சார்" என்று பின் சீட்டில் ஏறிவிட்டேன்.

ஜீப்பிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்து அங்கப்பனுக்கு முகம் வெளுத்தது. நான் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஆபீஸர் என்னை யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்திருப்பார்.

கூடத்தில் கேள்விகள் தொடங்கின. குலசாமி, திருவிழா, சீர் எல்லாவற்றுக்கும் மலர் டக் டக்கென்று பதில் சொன்னாள். அப்புறம் அவர் கேட்டார்: "உங்க வீட்ல புதுச்சாமை எப்படிப் பொங்குவீங்க?"

மலர் விழித்தாள். அங்கப்பன் இருமினார். மாதையன் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி, அறுத்த புதுச்சாமையை முதன்முதலில் பொங்கும்போது அடுப்படிக்குள் ஆண்களுக்கு இடமில்லை. இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிற மகளுக்கும் இடமில்லை. வாழ வந்த மருமகள் மட்டும்தான் பொங்க வேண்டும். மாமியாரும் இல்லை, அங்கப்பனின் மனைவி இறந்தும் நாலு வருடமாகிறது. ஆக, அது தெரிந்த ஒரே ஆளைத்தான் இந்தப் புத்திசாலிகள் பஸ் ஏற்றி அனுப்பப் பார்த்தார்கள்!

"இதுகூடத் தெரியலையா?" என்று ஆபீஸர் பேனாவை மூடினார். மலரின் கண் கலங்கியது. நான் வெளியே வந்தேன்.

"அவளுக்குத் தெரியாதுங்க சார், தெரியக்கூடாதுங்கிறதுதானுங்க வழக்கம். உப்புப் போடாமப் பொங்கோணும். முதல் அகப்பை பூசணி இலையில வெச்சு மாட்டுக்கு. ரெண்டாவது அடுப்புக்கே. மூணாவது, செத்துப்போனவங்க பேரைச் சொல்லிக் கூரை மேல."

மாதையனின் முன்னோர் ஏழு பேரையும் வரிசையாகச் சொன்னேன். மூன்றாவது பேருக்கு மேல் அங்கப்பனே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸர் நிமிர்ந்தார். "நீங்க?"

"இவளைப் பெத்தவளுங்க."

"நீங்களும் மலையாளிதானே?"

"ஆமாங்க சார்" என்று அங்கப்பன் முந்திக்கொண்டார்.

"இல்லைங்க" என்றேன். "நான் நாகலூர் எஸ்டேட் லைன்ல பொறந்தவ. எங்க தாத்தா கீழ்நாட்டுலிருந்து வந்தவரு. அதையும் எழுதிக்குங்க."

மலர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "எழுதுங்க சார். சுகுணா. எங்கம்மா பேரு."

அவர் எழுதினார். "பொண்ணு எந்த முறையில வளர்ந்திருக்குன்னு பாக்கத்தான் வந்தேன். நீங்க இல்லாம அதை யாரும்மா சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க மாதையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அந்த மாதக் கடைசியில் சர்டிபிகேட் வந்தது.

அந்த வருடம் சாமை அறுத்தபோது மலர் லீவில் வந்திருந்தாள். அவள் கையில் அகப்பையைக் கொடுத்து அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தேன். அங்கப்பன் வாசலில் நின்று பதறினார்.

"ஏம்மா, பொண்ணுப் புள்ளை உள்ள வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"நல்லாத் தெரியுமுங்க. உங்களுக்குப் பாக்கக் கஷ்டமா இருந்தா, காலை பஸ்ஸுல நாகலூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருங்க. சாயங்காலம் வந்தாப் போதும்."